மூன்றாவது போதும்

1940 அக்டோபர் 8
நொச்சிக்காட்டுப்பாளையம்

மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. விடுதிப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு தலைக்குளியல் என்றிருந்ததை ஒன்றாக்கினேன். முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், இஸ்ரவேலரே முணுமுணுத்தவர்கள்தானே.

சேர்மன் துரையிடமிருந்து கடிதம் வந்தது. நம் மெதடிஸ்டு மிஷனில் பன்னிரண்டு சர்க்கிட்டுகளுக்கும், அதாவது வட்டாரங்களுக்கும், அவர்தான் தலைவர். இவர், என் வீட்டுக்காரர், இந்தச் சர்க்கிட்டுக்குப் போதகர். ஊரார் 'மாசிலாமணி ஐயர்' என்பார்கள். நான் ஐயரம்மா, அதோடு பெண்பிள்ளைகள் விடுதிக்குக் கண்காணி. இவருக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து வருகிற கடிதங்களை வாசித்துக் காட்டுவதும் என் வேலை, அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் என் வேலை. சம்பளம் மட்டும் அவருக்கு.

லண்டனில் இராமுழுதும் குண்டு விழுகிறதாம். கோவில்கள் இடிந்துபோயினவாம். மிஷனுக்குக் காணிக்கை கொடுத்தவர்களுக்கு இப்போது தலைக்கு மேலே கூரை இல்லை. ஆகையால் அடுத்த வருஷம் லண்டன் சங்கத்தார் அனுப்புகிற பணம் மிகவும் குறையும். "உங்கள் சர்க்கிட்டில் எது இல்லாமல் முடியாது, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்" என்று துரை கேட்டிருக்கிறார்.

வாசித்து முடித்ததும் இவர், "பாவம், சுகிர்தம். அந்த ஜனங்க நாலணா நாலணாவாச் சேத்து அனுப்பின காசுலதான நாம இத்தனை வருஷம் சாப்பிட்டோம்" என்றார். இரவு ஜெபத்தில் பிள்ளைகளும் லண்டனுக்காக ஜெபித்தார்கள். லண்டன் கோயமுத்தூருக்கு அந்தப் பக்கமா என்று ஒருத்தி கேட்டாள்.

ஸ்தோத்திரம்: பூசணிக்காய் ஒன்று, பெரியது. யார் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 10

பதில் எழுதினோம். இவர் சொன்னார், நான் எழுதினேன். "தேவ கிருபையால் நாங்கள் சுகமாயிருக்கிறோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. லண்டனில் நம் சகோதரர் படும் பாட்டுக்கு முன்னால் எங்கள் தேவை ஒரு தேவையா? தங்களால் இயன்றதைச் செய்யுங்கள். இயலாவிட்டாலும் எங்களுக்கு மனவருத்தம் இல்லை." நல்ல கடிதம். "எங்களைக் குறித்துத் தாங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று நானும் ஒரு வரி சேர்த்தேன். கையெழுத்தும் இன்றைக்கு முத்து முத்தாக வந்தது.

"விடுதியைப் பத்தி எழுத வேண்டாமா?" என்று கேட்டேன். மிஷன் பணம் இல்லாமல் விடுதி ஒரு மாதம்கூட நடக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"எழுதாமலா? அவர் திரும்பக் கேப்பார்ல, அப்ப விவரமா எழுதுவோம். எடுத்த எடுப்புல கையை நீட்டினா நல்லாவா இருக்கும்?"

அதுவும் சரிதான். வீடு பற்றி எரிகிறபோது பீடிக்கு நெருப்புக் கேட்டானாம் ஒருவன். அந்தக் கதையாக ஆகக் கூடாது.

அக்டோபர் 27

கம்பு அறுப்பு. சபையார் அளந்து கொண்டுவந்தார்கள். போன வருஷத்தில் பாதிதான், ஆனால் கொண்டுவராத வீடு இல்லை.

இரவு எனக்குப் பசி இல்லை. சமையற்கட்டில் விடுதிச் சமையல்காரி மார்த்தாள், "ஐயரம்மா, நேத்தும் பசி இல்லீன்னீங்க. இப்படி இருந்தா வெயிலுக்கு நிழலு உளுகாது உங்களுக்கு" என்றாள். அவளுக்கு வாய் நீளம். லேயாளுக்கு இன்னொரு கரண்டி போடச் சொன்னேன். பதின்மூன்று வயசுப் பெண், வளருகிற உடம்பு, தட்டை வழித்துவிட்டுப் பானையைப் பார்க்கிறாள்.

நவம்பர் 14

சேர்மன் துரையின் பதில் வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"தங்கள் கடிதத்தை வாசித்து முழங்காலில் நின்று தேவனைத் துதித்தேன். பன்னிரண்டு சர்க்கிட்டுகளில் தங்களுடையது ஒன்றாவது குறைவின்றி நடக்கிறது என்று லண்டனுக்கு எழுதிவிட்டேன். அங்கே அது பலருக்கு ஆறுதலாயிருக்கும். தங்கள் பெண்பிள்ளைகள் விடுதிக்கான பணத்தைக் கிழக்குச் சர்க்கிட்டின் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறேன். மார்ச் முடிய மட்டும் விடுதிக்குப் பணம் வரும், அதற்கு மேல் வராது. தங்களைப்போன்ற ஊழியர் இருப்பதற்காக நன்றியுள்ளவனாயிருக்கிறேன்."

இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறையும் அதேதான் எழுதியிருந்தது.

இந்த வெள்ளைக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்! ஒரு பேச்சுக்குக்கூடத் திருப்பிக் கேட்க மாட்டார்களா? சம்பந்தி வீட்டில் முதல் பந்தியிலேயே இலையை எடுத்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஸ்தோத்திரம்: பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 15

காலையில் சண்டை.

"இன்னொரு கடுதாசி எழுதுங்க. விடுதி மூடிப் போகும்னு எழுதுங்க."

"குறையே இல்லைன்னு எழுதியாச்சு. அவரும் லண்டன் வரைக்கும் எழுதிட்டார். இப்ப இல்ல இல்ல, குறை இருக்குன்னா என்னை என்னன்னு நினைப்பார்? அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போன பணம். நோயாளி வாயிலேர்ந்து மருந்தைப் பிடுங்கச் சொல்றியா?"

"இருபத்திரண்டு பொண்ணுங்க எங்க போகும்?"

எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். கோபக்காரர் இல்லை அவர். கோபம் வந்தால் கத்திரிச்செடிக்குத் தண்ணீர் விடுவார். இன்றைக்குக் கத்திரிச்செடி மூழ்கிவிட்டது. கிணற்றில் இருந்ததும் போயிற்று.

எழுதின கை என் கை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

நவம்பர் 23

மிளகாய் காயவைத்தோம். மார்த்தாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் மிளகாயைப் புரட்டிக்கொண்டே, "அப்ப எனக்கும் சோலி இல்லீங்களா?" என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

டிசம்பர் 7

பெற்றோர்களுக்குச் சொல்லி அனுப்பினோம், மார்ச்சுக்கு மேல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று. லேயாளின் தாய் ஆராயி இன்று வந்தாள். எட்டு மைல் நடந்து வந்திருக்கிறாள், முந்தானையில் நிலக்கடலை.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க ஐயரம்மா. ஏழு வருசமா எம்புள்ளைக்குச் சோறும் போட்டு எழுத்தும் குடுத்தீங்க. அதுக்கே நா காலத்துக்கும் கடன்பட்டவளுங்க."

"அவளை என்ன பண்ணப் போற?"

"என்ன பண்றதுங்க? பொகையிலைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். எங்கண்ணன் மகனுக்குக் கேட்டுட்டு இருக்கறாங்க. வையாசியிலயோ ஆவணியிலயோ கட்டிக் குடுத்துருவேனுங்க."

"அவ டீச்சர் வேலைக்குப் படிக்கணும்னு உனக்கு ஆசை இல்லையா?"

"எனக்கென்னங்க ஆசை. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

ஆசை இல்லையாம். சரி. வற்புறுத்துவதற்கு நான் யார்? போகும்போது மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். வேலிவரைக்கும் போய்த் திரும்பிப் பள்ளிக்கூடக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது.

ஸ்தோத்திரம்: கடலை. வறுத்து ஆளுக்கு ஒரு கை கொடுத்தோம்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். நாலு மணி ஆராதனைக்குப் பனிமூட்டத்தில் சர்க்கிட்டின் எல்லாக் கிராமத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் பாடினார்கள். மேய்ப்பன் வேஷம் போட்டவள் நடுவில் சிரித்துவிட்டாள், ஆட்டுக்குட்டியாக வந்தது நிஜ ஆட்டுக்குட்டி, தேவதூதனின் சேலையைக் கடித்துத் தின்றது. இவ்வளவு சிரித்து நாளாயிற்று.

என் பழைய மஞ்சள் சேலையை வெட்டி நாலு பேருக்குப் பாவாடை தைத்துப் போட்டேன். எனக்குச் சேலை நிறைய இருக்கிறது.

1941 ஜனவரி 5

வருஷத்தின் முதல் ஞாயிறு. உடன்படிக்கை ஆராதனை. நாம் மெதடிஸ்டுகள் வருஷந்தோறும் இன்றைக்கு ஆண்டவரோடு உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறோம். வேலை கொடுத்தாலும் சரி, ஒதுக்கிவைத்தாலும் சரி, நாங்கள் உம்முடையவர்கள் என்று எல்லோரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். இவருக்கு அது மனப்பாடம், புத்தகம் வேண்டியதில்லை. இன்றைக்கு ஒதுக்கிவைக்கிற இடம் வந்ததும் குரல் நின்றுபோயிற்று. சபையார் காத்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து மார்த்தாள் உரக்க அந்த வரியைச் சொல்லிவிட்டாள், எல்லோரும் அவள் பின்னால் சொன்னார்கள். அவளுக்கு வாய் நீளம் என்று முன்பு எழுதினேன். வாபஸ்.

ஜனவரி 16

காலாண்டுக் கூட்டத்துக்குச் சேர்மன் துரை நாளை மறுநாள் வருகிறாராம். சென்னையில் கல்லூரிப் பங்களாவிலேயே இருந்தவர், சேர்மன் ஆகி ஒரு வருஷம்தான். எந்தச் சர்க்கிட்டுக்குப் போனாலும் அவருடைய சமையல்காரன் டிபன் கேரியரோடு கூடவே போவான். நமக்கு வேலை மிச்சம். ஒட்டடை அடித்தோம்.

இவர் என்னிடம், "அவர்கிட்ட விடுதியைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது" என்றார். நான் ஏன் திறக்கிறேன்?

ஜனவரி 18

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

துரை பத்து மணிக்கு வந்தார், தனியாக. சமையல்காரனுக்கு வழியில் காய்ச்சல் கண்டு கரூரிலேயே நின்றுவிட்டானாம், டிபன் கேரியரும் அவனோடு நின்றுவிட்டது. கூட்டம் முடிந்ததும் துரை ரொட்டித்துண்டு ஒன்றும் டீயும் இருந்தால் போதும் என்றார். ரொட்டிக்கு நான் எங்கே போவேன்? மார்த்தாள் அவளுடைய முட்டைக்கோழியை, யாரையும் கேட்காமல், குழம்பாக்கிவிட்டாள். கொள்ளுப் பருப்பு, அவரைக்காய், மோர். மேசையில் இலை போட்டோம். துரை கையால் சாப்பிட ஆசை என்றார். இவர் எதிரே உட்கார்ந்தார். நான் பரிமாறினேன்.

துரை பேசுவது புத்தகத் தமிழ். சாதம் வைத்ததும், "போதும், அம்மா" என்றார். இன்னொரு கரண்டி வைத்தேன். "இது எனக்குப் போதுமானதாயிருக்கிறது" என்றார். குழம்பை ஊற்றி இன்னொரு கரண்டி சாதமும் வைத்தேன். மறுபடி வட்டிலோடு வந்தபோது இரண்டு கையையும் இலைக்கு மேல் மறித்து, "அம்மா, நான் போதும் என்று சொன்னேன் அல்லவா? தாங்கள் ஏன் அதை நம்பவில்லை?" என்று கேட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்து முறைத்தார். எனக்கா வாய் நிற்கும்?

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. எங்கள்ல முதல் தரம் போதும்னா அது மரியாதைக்கு. ரெண்டாந்தரம் சொல்றது கூச்சத்துக்கு. மூணாந்தரம் கையை மறிச்சாத்தான் போதும்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி நான் நிறுத்திட்டா விருந்தாளியைப் பட்டினி போட்ட பாவம் எனக்கு வரும்."

துரை விழுந்து விழுந்து சிரித்தார். தன் சமையல்காரன் ஒரு கரண்டிக்கு மேல் போட்டதே இல்லை என்றார். சிரித்துக்கொண்டே ஒரு கவளம் எடுத்தவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயரவர்களே, அக்டோபர் மாதத்தில் தாங்கள் எனக்கு எழுதினீர்களே, ஒரு குறையும் இல்லை என்று. அது எத்தனையாவது போதும்?"

இவர் இலையைப் பார்த்துக்கொண்டு, "ஐயா அதைப் பத்திக் கவலைப்படக் கூடாது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றார்.

"அப்படியானால் இது இரண்டாவது" என்றார் துரை.

எனக்கு வட்டிலைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. துரை கவளத்தை இலையில் வைத்துவிட்டார்.

"நான் மூன்றாம் முறை கேட்கிறேன். உங்களுக்கு என்ன வேண்டும்?"

இருபத்தெட்டு வருஷமாகப் பிரசங்கம் பண்ணுகிறவர் இவர். சாவு வீட்டிலும் சரி, காலரா வந்த கிராமத்திலும் சரி, வார்த்தைக்குத் தவித்து நான் பார்த்ததில்லை. இன்று எச்சில் கையோடு புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "இருபத்திரண்டு பிள்ளைங்க, ஐயா" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மீதியை நான் சொன்னேன். மார்ச்சோடு விடுதி மூடுவது, புகையிலைக் காடு, மார்த்தாள், எல்லாவற்றையும் சொன்னேன். மார்த்தாள் கதவுக்குப் பின்னால் மூக்கைச் சிந்துவது கேட்டது.

துரை, "ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பணம் மருந்தாகிவிட்டது. அதை நான் திரும்பக் கேட்க முடியாது" என்றார். பிறகு மெதுவாக, "ஏப்ரல் மாதத்தில் எனக்கு ஊருக்குப் போகும் முறை. கப்பல் செலவு சென்னையில் வந்து கிடக்கிறது. பிரயாணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் அந்தப் பணத்தை ஊழியத்துக்கே செலவிடலாம் என்று லண்டன் சங்கத்தார் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு அது விடுதியைத் தாங்கும்" என்றார்.

"ஐயையோ, வேண்டாம் ஐயா" என்று இவர் பதறி எழுந்துவிட்டார்.

"இது முதலாவது" என்றார் துரை. நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம். இவர் அழுகையோடு சிரித்தார். ஆண்டவரே, அந்தச் சிரிப்புக்கு உமக்கு ஸ்தோத்திரம்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மோர் கொடுக்கும்போது, "துரைசானி அம்மா அங்க காத்துக்கிட்டு இருப்பாங்களே?" என்று கேட்டேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தாய்க்கு வயசாகிவிட்டதென்று அந்த அம்மாள் யுத்தத்துக்கு முன்பே லண்டனுக்குப் போனவர், திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

"அவள் சுகமாயிருக்கிறாள், அம்மா. குண்டு விழத் தொடங்கினவுடனே தந்தி கொடுத்துக் கேட்டேன். 'சுகம், ஒரு குறையும் இல்லை, உங்கள் வேலையைப் பாருங்கள்' என்று பதில் வந்தது."

"எத்தனை தரம் கேட்டீங்க, ஐயா?"

என் வாயிலிருந்து வந்துவிட்டது. துரையின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "நாங்கள் இங்கிலாந்து தேசத்தார். எங்களுக்குள் சொன்னால் சொன்னதுதான்" என்றார். ஆனால் மோரைக் குடிக்கவில்லை.

ஜனவரி 20

மார்த்தாளுக்குக் கோழி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றேன். "வேண்டாமுங்க" என்றாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் கறுப்புக் கோழிதான் வேண்டுமாம், அதுவும் சந்தையில் அவளே பார்த்து எடுப்பாளாம்.

ஜனவரி 29

ஆராயி ஊருக்குப் போனேன். எட்டு மைல் எனக்கு இப்போது ஆகவில்லை, இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனேன். அவள் கூலிக்குப் புகையிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வரப்பிலேயே கேட்டேன், லேயாள் படிக்க வேண்டுமென்று உனக்கு ஆசை இல்லையா என்று.

"நமக்கெதுக்குங்க அதெல்லாம்."

மறுபடி கேட்டேன். "அவ மாமன் கோவிச்சுக்குவானுங்க" என்றாள்.

மூன்றாம் தரம் கேட்டேன். கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள்.

"படிக்கட்டுமுங்க. மூணு தலைமொறையா இந்தக் காட்டுல குனிஞ்ச முதுகுங்க. அது ஒண்ணாச்சும் நிமுந்து நிக்கட்டும். இதை நா ஆருகிட்டீங்க சொல்லுவேன்? இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க."

டிசம்பரில் நானும் ஒரு தரத்தோடு விட்டவள்தான். திரும்பும் வழியெல்லாம் அதுவே மனதில் ஓடியது.

பிப்ரவரி 17

துரையிடமிருந்து கடிதம். விடுதிப் பணத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. கீழே கையால் எழுதியிருந்தார்: "இப்போது எல்லாச் சர்க்கிட்டுகளுக்கும் நேரில் போய் மூன்று முறை கேட்கிறேன். எல்லா வீட்டிலும் மூன்று கரண்டி சாப்பிடவும் நேர்கிறது. என் கால்சட்டைகள் இறுகிவிட்டன." இன்னொரு வரி: "வீட்டுக்கு இரண்டாம் முறை தந்தி கொடுத்தேன். அதே பதில்."

பிள்ளைகளிடம் சொன்னோம், விடுதி மூடாது என்று. ஒருத்தியும் கத்தவில்லை. மூடப் போகிறது என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, எங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியைக் கட்டிவைத்திருந்தவர்கள் போய் அவிழ்த்தார்கள்.

ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்.

மார்ச் 30

கோடை. கிணற்றைத் தூர் எடுத்தோம், சபையார் கூலி வாங்கவில்லை. மாலையில் எனக்குக் கொஞ்சம் மயக்கம் வந்தது. வெயில்தான். இவரிடம் சொல்லவில்லை, ஒன்றுமில்லை.

ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இருபத்திரண்டு பேரும். லேயாள் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறாள்.

ஜூன் 19

சேர்மன் துரையின் கடிதம். வாசித்துக் காட்டும்போது நான் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

"அன்புள்ள ஐயரவர்களுக்கும் அம்மாளுக்கும். என் மனைவிக்கு மூன்றாம் முறை தந்தி கொடுத்தேன், உண்மையை எழுது என்று கேட்டு. தந்தியாக அல்ல, கடிதமாகப் பதில் வந்தது, கடல் கடந்து மூன்று மாதம் கழித்து. எங்கள் வீடு செப்டம்பரிலேயே போய்விட்டது. அவளுடைய தாயார் அதில் இறந்துபோனார். ஒரு குறையும் இல்லை என்று எனக்கு முதல் தந்தி கொடுத்தபோதே அவள் ஒரு கோவிலின் நிலவறையில் நாற்பது பேரோடு படுத்திருந்தாள். வேலையை விட்டு நான் ஓடிவந்துவிடுவேன் என்று பயந்தாளாம். எங்களுக்குள் சொன்னால் சொன்னதுதான் என்று தங்கள் மேசையில் நான் பெருமையாய்ச் சொன்னேன், அம்மா.

"கப்பல் பணம் போன இடத்தையும் அந்தத் தந்தியிலேயே சொல்லியிருந்தேன். அதற்கு அவள் எழுதுகிறாள்: கூரை இல்லாமல் படுப்பது என்னவென்று எனக்குத் தெரியும், ஆகையால் இருபத்திரண்டு பேருக்குக் கூரை நின்றது எனக்குச் சந்தோஷம், நீங்கள் அங்கேயே இருங்கள் என்று. தாங்கள் கேட்கச் சொல்லாதிருந்தால் அவள் பாட்டை நான் அறியாமலே இருந்திருப்பேன். இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"உனக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்கிறாள். நிலவறையில் விளக்கு கிடையாது, வாசிக்க முடியாது. குண்டு விழும்போது மனதுக்குள் சொல்லி ஜெபிக்க அவளுக்குப் பெயர்கள் வேண்டுமாம். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி அனுப்புங்கள்."

கடிதத்தை மடித்துவிட்டு நான் சமையற்கட்டுக்குப் போய் நின்றேன். அன்றைக்கு அந்த மனுஷரைச் சாப்பிட்டு எழக்கூட விடாமல் கேட்டேனே. கேட்டது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் நன்றி என்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது, அழுதேன்.

ஜூன் 20

பெயர்களை எழுதினேன். பிள்ளைகள் என்னைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, எப்படிச் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் பிரித்துப் பிரித்துப் போட்டேன். தெய்வநாயகி என்பதற்கு ஒரு வரி முழுதும் ஆயிற்று.

"துரைசானியம்மா வாய்ல நொழையுமுங்களா?" என்றாள் ஒருத்தி.

"இனிசியலும் போடுங்க. இந்த ஊர்ல ராகேலு மூணு பேரு. சாமிக்கு மாறிப் போச்சுன்னா?" என்றாள் லேயாள். போட்டேன்.

மார்த்தாள் கதவருகே நின்றாள். உன் பெயர் வேண்டாமா என்றேன். "நா என்ன படிக்கற புள்ளையா? எனக்கெதுக்குங்க" என்றாள். மூன்று தரம் கேட்க எனக்குப் பொறுமை இல்லை, எழுதிவிட்டேன். அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

பிள்ளைகள் ஜெபத்துக்குப் போனபிறகு மை காயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தாளின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. அதில் இன்னொன்று எழுதினேன்.

உறையில் போடும் முன் வாசித்துக் காட்டச் சொன்னார் இவர். கண் மங்கினவருக்கு வாசிப்பது என் வேலைதானே. ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினார். மார்த்தாள் பெயர் வந்ததும் சிரித்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

தாளை மடித்தேன். மேசையைத் தடவி என் கையைக் கண்டுபிடித்துப் பிடித்தார். வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஓடியது. அதைத் திரும்பக் கீழே இறக்கிவிட்டார்.

"அவ்வளவுதானா, சுகிர்தம்?"

"ஆமாங்க. வேற என்ன?"

இவர் கையை எடுக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவ்வளவுதானா?"

"இல்லீங்க," என்றேன். "கடைசியில என் பேரும் இருக்கு."